வழுக்கினால் போச்சு!

"அக்கா, உள்ளே போனதும் எதையும் தொட்டுடாதே." தம்பி இதை மூன்றாவது தடவையாகச் சொல்கிறான்.

சரிடா, தொடமாட்டேன்! கையைக் கட்டிக்கொள்ளலாம், கண்ணை எப்படிக் கட்டுவது? நாங்கள் நிற்பது ஒரு கன்ஸ்மித், அதாவது துப்பாக்கி பழுதுபார்ப்பவரின், பட்டறை வாசலில். வாடிக்கையாளர்கள் காத்திருக்கும் முன்பக்கம் இல்லை. யாரையும் விடாத பின்கட்டு! கதவு திறந்ததுமே மூக்கைத் தாக்கியது ஒரு வாசனை. எண்ணெய், மரத்தூள், சூடான இரும்பு, இவற்றோடு எங்கேயோ பழகின மாதிரி ஒரு பிசின் மணம். அது என்ன பிசின் என்று பிற்பாடு தெரிந்தபோது துள்ளிக் குதிக்காத குறைதான். சொல்கிறேன், பொறுங்கள்.

இடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலம், ராக்கி மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர். இந்த மாநிலத்தின் டிரினிடாட் ஊர்க் கல்லூரியில் 1947-லிருந்து கன்ஸ்மித் தொழிலைப் பாடமாகவே கற்றுத் தருகிறார்கள். நாங்கள் பார்க்க வந்த பெரியவர் அங்கே படித்தவர். வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அவர் விரல்களைப் பார்த்தால் வீணை வாசிக்கிறவர் என்று நினைப்பீர்கள். அவ்வளவு நிதானம்!

தம்பி தான் வாங்கிய பழைய துப்பாக்கியை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்ததும் அவர் செய்த முதல் வேலை, தோட்டாவின் பின்னால் அறையை மூடும் போல்ட்டைத் திறந்து உள்ளே தோட்டா இல்லை என்று கண்ணால் பார்த்து, விரலாலும் தடவி உறுதி செய்துகொண்டது. அடுத்த வேலை, ஒரு தடித்த பேரேட்டைத் திறந்து வரிசை எண், தயாரிப்பு, யாரிடமிருந்து வந்தது என்று மை பேனாவால் எழுதியது. இந்தத் தொழிலுக்கு அங்கே மத்திய அரசின் உரிமம் வேண்டும், இரவு தங்கும் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் பதிவு வேண்டும். நம் நாட்டிலும் 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவே உரிமம் வேண்டுமே! அந்தப் பேரேட்டின் கனத்தைப் பார்த்தபோதுதான் இது விளையாட்டுச் சாமான் இல்லை என்பது எனக்கு முழுசாக உறைத்தது.

இனி நாயகனைப் பாருங்கள். 1920-களில் ஜெர்மனியில் செய்த வேட்டைத் துப்பாக்கி. உள்ளே இருப்பது 1898-இல் ஜெர்மன் ராணுவம் ஏற்றுக்கொண்ட மவுசர் 98 அமைப்பு. நம்ம ஜிம் கார்பெட்டுக்கு, சம்பாவத் ஆட்கொல்லிப் புலியை 1907-இல் வீழ்த்தியதற்காகப் பரிசளித்தார்களே ஒரு ரிக்பி துப்பாக்கி, அதுவும் மவுசர் அமைப்பில் கட்டியதுதான். அது சுடும் .275 தோட்டா, மவுசரின் 7 மில்லிமீட்டர் தோட்டாவேதான், பெயர் மட்டும் ஆங்கிலேயப் பெயர். தம்பியின் துப்பாக்கியும் அதே 7 மில்லிமீட்டர்! இரண்டாம் உலகப் போர் முடிந்து ஊர் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்கள் இப்படிப்பட்ட துப்பாக்கிகளை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தார்கள். இதுவும் அப்படி வந்ததாகத்தான் தம்பிக்கு விற்றவர் சொன்னாராம்.

குழலைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு நின்றுவிட்டது. கறுப்பு என்பதா, நீலம் என்பதா? அமாவாசைக்கு முந்தின விடியற்காலை வானம்போல, பார்க்கப் பார்க்க ஆழமாகிக்கொண்டே போகிற ஒரு நிறம். மேலே ஜெர்மன் எழுத்தில் செய்தவர் பெயரும் ஊரும், சின்னச் சின்ன உளி வேலைப்பாட்டோடு. நூறு வருஷம் ஆகப்போகிறது, ஒரு கீறல் இல்லை!

ஒரே ஒரு குறை. போல்ட்டிலும், அதைத் தாங்கிக் குழலும் திருகி நிற்கும் நடு உடலான ரிசீவரிலும் எண்கள் வேறு வேறு. போர்க்கால அமளியில் ஒன்றின் போல்ட் இன்னொன்றுக்குப் போய்விட்டிருக்கிறது. அதனால் தோட்டா உட்காரும் அறைக்கும் அதன் முதுகைத் தாங்கும் போல்ட் முகத்துக்கும் உள்ள அளவு பொருந்தவில்லை. ஹெட்ஸ்பேஸ் என்பார்கள் இதை. அளந்து பார்க்க 'கோ', 'நோ-கோ' என்று தோட்டா வடிவில் இரண்டு எஃகுத் துண்டுகள் உண்டு. இரண்டுக்கும் வித்தியாசம் அங்குலத்தில் 1000-இல் சில பங்குதான். நோ-கோவை வைத்தால் போல்ட் மூடவே கூடாது. பெரியவர் வைத்தார். போல்ட் வெண்ணெய்போல மூடிக்கொண்டது! தம்பி முகம் விழுந்துவிட்டது. இந்த நிலையில் சுட்டால் தோட்டாவின் பித்தளை உறை கிழிந்து, கொதிக்கும் வாயு சுடுகிறவர் முகத்துப் பக்கம் பாயலாம்.

வழி இருக்கிறது. குழலை ரிசீவரிலிருந்து திருகிக் கழற்ற வேண்டும். அதன் அடியில் சரியாக ஒரு மரை அளவுக்கு லேத்தில் சீவி, திரும்ப முடுக்கி, அறையைப் புதிதாகக் கடைந்து அளவுக்குக் கொண்டுவர வேண்டும்.

ஏன் சரியாக ஒரு மரை? இதைக் கேட்டதும்தான் நான் கட்டின கையை விட்டுவிட்டுக் கைதட்டினேன்! மவுசரில் ஓர் அங்குலத்துக்கு 12 மரை. ஒரு மரை சீவினால் குழல் ஒரு முழுச் சுற்று கூடுதலாக உள்ளே போகும். முழுச் சுற்று என்றால் மேலே இருந்த எழுத்து மறுபடி மேலேயே வந்து நிற்கும்! குறிபார்க்கும் முள்ளும் நேராக நிற்கும். அரை மரை சீவினால் எழுத்து வயிற்றுப் பக்கம் போய்விடும். இரண்டு மில்லிமீட்டர் சொச்சம் உலோகத்தில் எவ்வளவு கணக்கு பாருங்கள்! இன்னொன்றும் சொன்னார்: ஜெர்மானியர் துப்பாக்கிதான், ஆனால் மரையின் கோணம் இங்கிலாந்தின் ஜோசப் விட்வொர்த் 1841-இல் வகுத்துக்கொடுத்த அதே 55 டிகிரி.

ஆக, கழற்றியாக வேண்டும். ஆனால் இந்த நிறத்துக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இதுதான் இன்றைய பந்தயம்!

இந்த நிறம் எப்படி வந்தது என்று தெரிந்தால்தான் பந்தயத்தின் கனம் புரியும். பெயின்ட் என்று நினைத்தேன். முலாம் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. துரு! ஆமாம், நாம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து விரட்டுகிற அதே துரு. எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் துடைத்த குழலில் அமிலக் கரைசலை மெல்லிசாகத் தடவி ஈரப்பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் செம்பட்டையாகத் துரு பூக்கும். அதை அப்படியே கொதிக்கிற சுத்தமான தண்ணீரில் முக்கினால் செந்துரு கருந்துருவாக மாறும். நுண்ணிய கம்பித் தூரிகையால் மேலே நிற்கும் மசியைத் துடைத்தால் அடியில் சாம்பல் நிறம். மறுபடி துரு, மறுபடி கொதி, மறுபடி துடைப்பு. இப்படி ஆறேழு தடவை, சிலர் பத்துத் தடவைகூட. ஒவ்வொரு முறையும் நிறம் ஒரு படி இறங்கி ஆழமாகும். கடைசியில் கிடைக்கும் அந்தப் படலத்தின் தடிமன் மைக்ரான் கணக்கில்தான் இருக்கும். நம் தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான்!

பின்னாளில் தொழிற்சாலைகள் காரமும் நைட்ரேட் உப்பும் கலந்து சுமார் 140 டிகிரியில் கொதிக்கும் தொட்டியில் முக்கியெடுத்து அரைமணியில் வேலையை முடித்துவிடுகின்றன. அதுவும் அழகுதான். ஆனால் துருவை வேகவைத்து எடுத்த நிறத்தின் மென்மை அதற்கு வராது என்று நான் அடித்துச் சொல்வேன், பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேனே! கீறல் விழுந்தால் தடவி மறைக்க செலினியம் கலந்த திரவம் கடையில் கிடைக்கும். தடவின இடம் பட்டுப் புடவையில் போட்ட ஒட்டுபோலத் தனியாகத் தெரியும்.

சுவரில் ஆணியில் ஒரு குழல் தொங்கியது. பெரியவர் எதுவும் பேசாமல் அதை எடுத்து என் கையில் கொடுத்தார். அடியில் சுற்றிலும் பல் பல்லாகக் கடித்த தடம். யாரோ பிளம்பர் பயன்படுத்தும் பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகியிருக்கிறார்கள். கடித்த இடமெல்லாம் வெள்ளை இரும்பு பல்லிளிக்கிறது. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

"நிறத்தைக் கெடுப்பது பலம் இல்லை, வழுக்கல்" என்றார். "எவ்வளவு வேண்டுமானாலும் இறுக்குங்கள், குழலுக்கு ஒன்றும் ஆகாது. மயிரிழை வழுக்கினால் போச்சு."

யோசித்துப் பார்த்தேன். ஊறுகாய் பாட்டில் மூடி இறுகிக்கொண்டால் அம்மா என்ன செய்வாள்? முந்தானையைச் சுற்றிப் பிடித்துத் திருகுவாள். பலம் கூடுவதற்கா? வழுக்காமல் இருப்பதற்கு! கொலராடோப் பட்டறையில் அன்று நடந்தது முழுக்க அந்த முந்தானை வேலைதான்.

முந்தானைக்குப் பதிலாக இங்கே ஓக் மரக் கட்டை. ஒரு செங்கல் அளவு. நடுவில் துளை போட்டு, அந்தத் துளையை லேத்தில் வைத்துக் குழலின் சரிவுக்குச் சரியாகக் கடைந்து, அப்புறம் கட்டையை நீளவாக்கில் இரண்டாக அறுத்துவிடுகிறார். ரம்பம் தின்ற இடைவெளி இருக்கிறதே, அதுதான் இறுக்கும்போது கட்டை நெருங்கிவரக் கிடைக்கும் இடம். குழல் அடியில் பருத்து நுனிக்குப் போகப் போக மெலிகிறதல்லவா? துளை நேராக இருந்தால் ஒரு விளிம்பு மட்டும் கடிக்கும், மீதியெல்லாம் காற்று. அதனால் சரிவு ஒத்துப்போக வேண்டும்.

ஒத்துப்போகிறதா என்று எப்படிப் பார்த்தார் தெரியுமா? ஒரு மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றினார்! திரியைத் தூக்கி, கறுத்துப் புகையவிட்டு, அந்தக் கரியை ஒரு சின்னத் தூரிகையில் வாங்கிக் குழலில் மெல்லிசாகத் தடவினார். பாட்டி கண்மைக்குக் கரி பிடிப்பாளே, அதே விளக்குக் கரி! கட்டையை வைத்து அமுக்கி எடுத்தால், தொடும் இடத்தில் மட்டும் கறுப்பு ஒட்டியிருக்கும். அந்த மேட்டை மட்டும் சுரண்டு, திரும்ப வை, திரும்ப எடு. முதலில் இரண்டு புள்ளி ஒட்டியது. பிறகு ஒரு கோடு. ஒன்றேகால் மணி நேரம் கழித்துக் கட்டையின் இரண்டு பாதியும் முழுக்கக் கறுப்பு. குழந்தைக்கு முழுக் கண்ணுக்கும் மை தீட்டின மாதிரி! நான் ஒரு நிமிஷம்கூட உட்காரவில்லை.

கட்டை வேலையைத் தொடங்கும் முன்னாலேயே மரைக்கு எண்ணெய் விட்டிருந்தார். இடுக்கில் ஊடுருவும் மெல்லிய எண்ணெய். குழலைக் கீழ்நோக்கி நிறுத்தி, அறையை ரப்பர் அடைப்பால் மூடி, ரிசீவருக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு ஊறப்போட்டிருந்தார். இங்கேதான் சங்கடம். மரைக்குள் எண்ணெய் வேண்டும், வெளியே ஒரு சொட்டு ஆகாது. அசிட்டோன் நனைத்த துணியால் குழலையும் கட்டையையும் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தை என் விரலால் தொடப்போனேன்.

"அக்கா!"

சரி சரி. விரலிலும் எண்ணெய்ப்பசை உண்டே!

அடுத்து அந்தப் பிசின். அலமாரியிலிருந்து ஒரு டப்பா வந்தது. உள்ளே தேன் நிறத் தூள். மணத்தை முகர்ந்ததும் சின்ன வயதில் வயலின் வகுப்பில் உட்கார்ந்த ஞாபகம் பளிச்சென்று வந்துவிட்டது. ரோசின்! வில்லில் தேய்ப்போமே, பைன் இனத்து மரத்தின் பிசினிலிருந்து எடுப்பது, அதேதான்! வில்லின் மயிர் தந்தியைப் பிடித்துக்கொள்ள எது உதவுகிறதோ, அதுவே இங்கே மரம் இரும்பைப் பிடித்துக்கொள்ளவும் உதவுகிறது. பழுப்புக் காகிதப் பையிலிருந்து ஒரு பட்டை கிழித்து, இரண்டு பக்கமும் ரோசின் தூவி, குழலில் ஒரே ஒரு சுற்று சுற்றி, மேலே கட்டையைப் பொருத்தினார்.

கட்டை போய் உட்கார்ந்த வைஸைப் பார்க்க வேண்டுமே! சுவரோடு சேர்த்துத் தரையில் பதித்த இரும்புத் தூணில் இரண்டு தடித்த எஃகுப் பாளங்கள், கட்டைவிரல் பருமனில் நான்கு போல்ட். கார் சக்கரத்துக்கு முடுக்குவதுபோல எதிரும் புதிருமாக, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினார். ஓக் மரம் முனகியது.

ரிசீவருக்கு வேறு ஆயுதம். அடிப்பக்கம் தட்டை, மேல்பக்கம் வளைவு என்று அதன் உருவத்துக்கே கடைந்த இரண்டு துண்டுகளாலான ரெஞ்ச், நடுவில் மெல்லிய பித்தளைத் தகடு, இரண்டடி நீளக் கைப்பிடி. அதைக் குழல் நுழையும் வளையத்தை ஒட்டியே மாட்டினார். பின்னால் தள்ளி மாட்டினால் ரிசீவரே முறுக்கிக்கொள்ளும். தோட்டா வைக்கும் பொந்துக்குள் கடப்பாரையை விட்டு நெம்பி ரிசீவரை நாசமாக்கினவர்கள் உண்டாம். கேட்கவே பதறுகிறது.

கடைசியாக ஒரு பென்சில். மறைப்பு நாடாவை ஒட்டி, குழலிலிருந்து கட்டைக்கு ஒரு கோடு. குழலிலிருந்து ரிசீவருக்கு இன்னொரு கோடு. முதல் கோடு உடைந்தால் குழல் கட்டைக்குள் வழுக்குகிறது, நிறுத்து! இரண்டாவது கோடு உடைந்தால் மரை கழல்கிறது, ஜெயித்தோம்! இத்தனை இரும்புக்கும் மரத்துக்கும் நடுவில் உண்மையைச் சொல்லப்போவது ஒரு பென்சில் கோடு. எனக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

கைப்பிடியில் உடம்பைச் சாய்த்தார். ஒன்றும் நகரவில்லை. இன்னும் கொஞ்சம். 'கிறீச்' என்று ஒரு மெல்லிய ஓசை.

"நிறுத்துங்க!" தம்பிதான் கத்தினான். முதல் கோடு, மயிரிழை, விலகியிருந்தது.

பெரியவர் பதறவே இல்லை. அந்தக் கணமே கையை எடுத்துவிட்டிருந்தார். எல்லாவற்றையும் பிரித்தார். வழுக்கின இடத்தில் உராய்வுச் சூட்டில் ரோசின் உருகிக் கண்ணாடிபோலப் பளபளத்தது. ஸ்பிரிட் நனைத்த துணியால் மெதுவாக, மெதுவாகத் துடைத்தார். நானும் தம்பியும் மூச்சு விடவில்லை. அடியில்... அதே விடியற்காலை நீலம்! காகிதம் தன்னைக் கொடுத்து நிறத்தைக் காப்பாற்றியிருந்தது. இன்னும் ஒரு நொடி இழுத்திருந்தால் கதை வேறு.

மறுபடி முதலிலிருந்து. புதுக் காகிதம், புது ரோசின், வைஸ் போல்ட்டுகளுக்கு இன்னும் கால் திருப்பு. இந்தத் தடவை வெப்பம் சேர்த்தார். ரிசீவர் வளையத்தின் மேல் மட்டும், சூடான காற்று ஊதும் ஹீட் கன். வெளியே இருக்கும் வளையம் சூட்டில் விரியும், ஊறின எண்ணெய் இளகும். ஆனால் எக்கச்சக்கமாகப் போகக்கூடாது. மவுசர் ரிசீவரின் மேல்தோல் பதம் வைத்துக் கடினமாக்கியது, அதிகச் சூடு பதத்தைக் குலைத்துவிடும். அதைவிட உடனடி ஆபத்து, ரோசின் 70, 80 டிகிரியிலேயே இளக ஆரம்பித்துவிடும்! சூடு கட்டைக்குப் போய்விட்டால் பிடியே போச்சு. அதனால் இரண்டுக்கும் நடுவில் குழலில் ஈரத்துணி ஒன்றைச் சுற்றிவிட்டார். ஒரு விரற்கடை தூரத்தில் ஒரு பக்கம் நெருப்பு, ஒரு பக்கம் தண்ணீர்!

இந்தத் தடவை இழுக்கவில்லை. கைப்பிடியை ஒரு கையால் லேசாக முறுக்கத்தில் வைத்துக்கொண்டு, மறு கையில் ஈயச் சுத்தியலை எடுத்தார். நிதானமாக இழுத்தால் வழுக்க நேரம் கிடைக்கும், சட்டென்று அடித்தால் கிடைக்காது. ஒரே அடி.

டக்!

துப்பாக்கி வெடித்த மாதிரி ஒரு சத்தம். எல்லோரும் ஒரே நேரத்தில் கோடுகளைப் பார்த்தோம். முதல் கோடு அப்படியே இருந்தது. இரண்டாவது கோடு இரண்டு துண்டு! தம்பி என் தோளைப் பிடித்து உலுக்கினான். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. தமிழில்தான் கத்தியிருப்பேன்.

அதற்குப் பிறகு ரெஞ்ச் தேவைப்படவில்லை. பெரியவர் ரிசீவரை வெறும் கையால் திருக, அது தண்ணீர்க் குழாய் திறப்பதுபோலச் சுழன்றது. ஒன்று, இரண்டு... ஏழு சுற்று தாண்டியதும் கையோடு வந்துவிட்டது. மரை எப்படி இருந்தது என்கிறீர்கள்! பழைய மசகு பழுப்பாகப் படிந்திருந்ததைத் துணியால் ஒற்றி எடுத்ததும் நேற்றுக் கடைந்த மாதிரி கூர்மை. குழலும் ரிசீவரும் முட்டிக்கொண்டிருந்த தோளில் நிறமே இல்லாத ஒரு வெள்ளை வளையம். அதைக் கடைந்தவருக்கு அப்புறம் அந்த இரும்பின் மேல் வெளிச்சம் பட்டது இன்றைக்குத்தான்.

கட்டைக்குள் ஒளிந்திருந்த அடிப்பக்கத்தையும் திருப்பிக் காட்டினார். ஒரு சின்னக் கிரீடம், அதன் கீழே 'என்' என்ற எழுத்து. புகையில்லா வெடிமருந்துக்குச் சோதித்துத் தேறியது என்று அந்தக் கால ஜெர்மன் சோதனைச் சாலை குத்தின முத்திரை. பக்கத்தில், முத்திரையே இல்லாமல், கூர்மையான எதனாலோ கையால் கீறின இரண்டு எண்கள். பொருத்தினவர் தன் அடையாளத்துக்குக் கீறிக்கொண்டதாக இருக்கும் என்றார்.

கடைசித் துடைப்பு. பூதக்கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு, குழலை விளக்கின் கீழ் உருட்டி உருட்டி அடியிலிருந்து நுனிவரை பார்த்தார். காகிதம் சுற்றின இடத்தில் இரண்டு தடவை நின்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"இப்போ நீங்க பாருங்க. எங்கே பிடிச்சிருந்தேன்னு சொல்லுங்க."

உருட்டினேன். மேலே எழுத்துகள், உளிக் கோடுகளின் ஓரத்தில்கூடத் தேய்மானம் இல்லை. உருட்டினேன். நீலம். மறுபடி உருட்டினேன். ஒரே நீலம். தம்பி எட்டிப் பார்த்தான். இருவராலும் சொல்ல முடியவில்லை!

லேத்தில் சீவுவது அடுத்த வாரம். பெரியவர் குழலை ஒரு மெல்லிய ஃபிளானல் துணியில் சுற்றி, பேரேட்டிலிருந்த எண்ணை ஓர் அட்டையில் எழுதிக் கட்டி, அலமாரியின் மேல்தட்டில் படுக்கவைத்தார். ஓக் கட்டையின் இரண்டு பாதியையும் நூலால் கட்டி, அதன் மேலும் அதே எண்ணை எழுதி, பக்கத்திலேயே வைத்தார். திரும்ப முடுக்கும்போது இதே கட்டைதான் வேண்டும்.